மரியன்ஃபெல்டே நினைவகம்: எல்லையைத் தாண்டியவர்களுக்கு அதன் பிறகு நேர்ந்தவை

பெர்லினுக்குச் செல்லும் தமிழர்கள் பெரும்பாலும் பிராண்டன்பர்க் வாயிலையும் சுவரின் எஞ்சிய துண்டுகளையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கிழக்கு ஜெர்மனியின் கம்யூனிச ஆட்சியின்கீழ் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள், ஏன் ஊரையும் உறவையும் விட்டுக் கிளம்பினார்கள், கிளம்பியவர்களுக்குப் போன இடத்தில் என்ன நேர்ந்தது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேடுபவர்கள் நகரின் தென்பகுதியிலுள்ள மரியன்ஃபெல்டே அகதிகள் முகாம் நினைவகத்துக்குப் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதல் இரண்டு கேள்விகளுக்கு நகரத்தின் நடுவிலேயே நல்ல அருங்காட்சியகங்கள் உண்டு. மூன்றாவது கேள்வியை இத்தனை பொறுமையாகவும் நேர்மையாகவும் எடுத்துப் பேசும் இடம், நான் பார்த்தவரையில், இது ஒன்றுதான்.

மற்ற இடங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அவற்றைப் பார்த்துவிட்டுப் போனால்தான் மரியன்ஃபெல்டேயின் அருமை முழுமையாகப் புரியும். ஸ்ப்ரே ஆற்றங்கரையில், பேராலயத்துக்கு எதிர்ப்புறம், 2006 முதல் ஒரு தனியார் அருங்காட்சியகம் கிழக்கு ஜெர்மனியின் வாழ்க்கையைக் காட்டி வருகிறது. கட்டணம் உண்டு, கூட்டமும் அதிகம். கிழக்கு ஜெர்மனியில் தயாரான டிராபான்ட் காரில் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கலாம். அடுக்குமாடி வீடொன்றின் கூடத்திலும் சமையலறையிலும் நடமாடி, அலமாரிகளைத் திறந்து பார்க்கலாம். குழந்தைகளுடன் செல்பவர்களுக்கு அது பொருத்தமான இடம்தான். ஆயினும் பொருள்களைத் தொட்டுப் பார்ப்பதில் கவனம் போய்விடுவதால், அந்தப் பொருள்களோடு வாழ்ந்தவர்களின் அச்சமும் ஆசையும் பின்னுக்குப் போய்விடுகின்றன என்பது என் எண்ணம்.

அன்றாட வாழ்க்கையை மட்டும் அறிய விரும்புபவர்களுக்கு, பிரென்ஸ்லாவர் பெர்க் பகுதியில் பழைய பீர் ஆலை வளாகமான குல்தூர்பிராவரைக்குள் 2013இல் திறக்கப்பட்ட, அனுமதிக் கட்டணம் இல்லாத அருங்காட்சியகத்தையே நான் பரிந்துரைப்பேன். கூரைமேல் கூடாரம் கட்டிய டிராபான்ட் கார் ஒன்று அங்கே நிற்கிறது. அந்தக் காரை வாங்கப் பெயர் பதிந்துவிட்டுப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதைத் தெரிந்துகொண்டு பார்க்கும்போதுதான், அந்தக் கூடாரம் ஒரு குடும்பத்தின் எத்தனை காலத்துக் கனவு என்பது விளங்குகிறது. வீட்டு வாடகை மிகக் குறைவு. ரொட்டியின் விலை பல்லாண்டுகளாக உயரவில்லை. வேலை இல்லை என்ற பேச்சே இல்லை. பெண்கள் வேலைக்குப் போக ஏதுவாகக் குழந்தைகள் காப்பகங்கள் எங்கும் இருந்தன. அதே நாட்டில், 1977இல் உலகச் சந்தையில் காப்பி விலை ஏறியபோது, பாதியளவே காப்பியும் மீதிக்குப் பட்டாணியும் தானியங்களும் கலந்த ஒரு தூளை அரசு கடைகளில் வைத்தது. மக்கள் அதற்குக் காட்டிய எதிர்ப்பு, கட்சித் தலைமையே பின்வாங்கும் அளவுக்கு இருந்தது. மேற்கு ஜெர்மன் மார்க் கையிலிருந்தால் வெளிநாட்டுப் பணத்துக்கு மட்டும் விற்ற இன்டர்ஷாப் என்னும் அரசுக் கடையில் நல்ல காப்பியும் சாக்லேட்டும் கிடைக்கும். அந்தப் பணம் இல்லாதவர்கள் மேற்கிலுள்ள உறவினரின் பொதிக்காகக் காத்திருந்தார்கள். வயிறு காயாத வாழ்க்கைதான் அது. ஆனால் எதைப் படிப்பது, எங்கே போவது, என்ன பேசுவது என்பவற்றை வேறொருவர் முடிவு செய்த வாழ்க்கை.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது மக்கள் ஏன் கிளம்பினார்கள் என்பதற்கு, பிரீட்ரிக்ஸ்ட்ராசே ரயில் நிலையத்தை ஒட்டிய கண்ணாடி மண்டபம் விடை சொல்கிறது. 1962இல் கட்டப்பட்ட அந்தப் புறப்பாட்டு மண்டபத்தைக் கண்ணீர் மாளிகை என்று மக்கள் அழைத்தார்கள்; மேற்கிலிருந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பும் உறவினரை வழியனுப்பும் கிழக்கு ஜெர்மானியர்கள் அதன் வாசலோடு நின்றுவிட வேண்டும். 2011 முதல் அங்கே ஒரு நிரந்தரக் கண்காட்சி இயங்குகிறது. அதற்கும் கட்டணம் இல்லை. கடவுச்சீட்டைச் சரிபார்த்த மரக்கூண்டு ஒன்று அப்படியே வைக்கப்பட்டிருக்கிறது. ஒருவர் மட்டுமே நிற்கக்கூடிய குறுகிய இடைவழி, உயரத்தில் அதிகாரியின் இருக்கை, பின்னால் நிற்பவரின் முதுகைக்கூடக் காட்டும் சாய்ந்த கண்ணாடி. அதற்குள் நின்று பார்க்கும் எவருக்கும், ஓர் அரசு தன் குடிமக்களை எந்தக் கண்ணால் பார்த்தது என்பது விளக்கமின்றிப் புரிந்துவிடும்.

அந்த நிலையம் நமக்கும் அந்நியமானதன்று. 1980களின் முற்பாதியில், குறிப்பாக 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு, இலங்கைத் தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி, பிரீட்ரிக்ஸ்ட்ராசே வழியாக நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் சென்று தஞ்சம் கேட்டார்கள். நகரத்தைப் பிரித்த கோட்டினை நாடுகளுக்கிடையிலான எல்லையாக மேற்கத்திய அரசுகள் ஏற்றுக்கொள்ளாததால், மேற்குப் பக்கத்தில் முறையான கடவுச்சீட்டுச் சோதனை இருக்கவில்லை. 1985, 1986 ஆண்டுகளில், போய்ச் சேரும் நாட்டின் விசா இல்லாதவர்களுக்கு வழிவிடுவதைக் கிழக்கு ஜெர்மனி நிறுத்தியதும் அந்தப் பாதை அடைபட்டது. தன் சொந்த மக்களைச் சுவர் எழுப்பித் தடுத்த ஓர் அரசின் தலைநகர் வழியாகவே, இன்று ஜெர்மனியில் வேரூன்றியிருக்கும் பல தமிழ்க் குடும்பங்களின் முதல் தலைமுறை உள்ளே வந்தது. மரியன்ஃபெல்டேக்குத் தமிழர்கள் கட்டாயம் போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே காட்டப்படும் விசாரணைகளும் காத்திருப்பும் நம்மில் பலருடைய வீடுகளில் பேசப்பட்டவைதாம்.

இனி நினைவகத்துக்கு வருவோம். 1949க்கும் 1990க்கும் இடையில் ஏறத்தாழ 40 லட்சம் பேர் கிழக்கு ஜெர்மனியை விட்டு மேற்குக்குச் சென்றார்கள், அவர்களில் 13.5 லட்சம் பேர் இந்த முகாமின் வழியாகப் போனவர்கள். 1953 ஏப்ரலில் மேற்கு ஜெர்மனியின் குடியரசுத் தலைவர் தியோடர் ஹாய்ஸ் இதைத் திறந்து வைத்தார். முகாம் என்றதும் கம்பிவேலியும் தகரக் கொட்டகையும் நினைவுக்கு வரலாம். இங்கே இருப்பவை மூன்று மாடிக் குடியிருப்புக் கட்டடங்கள். அகதிகளின் வருகை ஓய்ந்த பிறகு சாதாரண வாடகை வீடுகளாக மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் அவற்றை அப்படிக் கட்டினார்கள். வருகை ஓயவில்லை. முகாம் திறந்த ஆண்டிலேயே, ஜூன் 17ஆம் நாள் தொழிலாளர் எழுச்சி சோவியத் டாங்கிகளால் ஒடுக்கப்பட்டது. அந்த ஓராண்டில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கிழக்கை விட்டு வெளியேறினார்கள்.

கண்காட்சியின் முதற்பகுதி, கிளம்பியதற்கான காரணங்களைப் பேசுகிறது. இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடக் கூடாது. நிலத்தைக் கூட்டுறவுப் பண்ணையில் சேர்க்கும்படி நெருக்கப்பட்ட விவசாயி, கடையை இழந்த சிறுவணிகர், தேவாலய இளைஞர் குழுவில் இருந்ததால் மேற்படிப்பு மறுக்கப்பட்ட மாணவன், வேலைத்தளத்தில் சொன்ன ஒரு சொல்லுக்காக மிரட்டப்பட்ட பெண் என்று காரணங்கள் பலவாக இருந்தன. வெளியேறியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல சம்பளத்துக்காகப் போனவர்களும் இருந்தார்கள். காதலுக்காகப் போனவர்களும் இருந்தார்கள். எல்லோரையும் சுதந்திர வீரர்களாக்கிவிடாமல் கலவையான காரணங்களை அப்படியே காட்டியிருப்பதை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது அரசியலையும் பிழைப்பையும் இரு வேறு மூட்டைகளாகக் கட்டிக்கொண்டு போவதில்லை.

1952இல் இரு ஜெர்மனிகளுக்கிடையிலான எல்லை அடைக்கப்பட்ட பிறகும், கிழக்கு ஜெர்மனியின் நடுவே, தானும் கிழக்கு மேற்காகப் பிரிந்து கிடந்த பெர்லின் நகருக்குள் மட்டும் போக்குவரத்து தொடர்ந்தது. அதனால் 1961 வரை, கிழக்கிலிருந்து தப்பிக்கும் வழி பெரும்பாலும் ஒரு நகர ரயில் பயணச்சீட்டுதான். ஆனால் ரயிலில் சோதனை நடக்கும். பெரிய பெட்டியோடு ஒரு குடும்பம் முழுவதும் போனால் காவலர்கள் சந்தேகப்படுவார்கள். அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆகவே ஒன்றின்மேல் ஒன்றாக உடைகளை அணிந்துகொண்டும், கணவன் ஒரு ரயிலிலும் மனைவியும் பிள்ளைகளும் இன்னொன்றிலும் ஏறியும், கைப்பையில் சான்றிதழ்களையும் ஒன்றிரண்டு நிழற்படங்களையும் மட்டும் வைத்துக்கொண்டும் வந்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டு வந்ததை அண்டை வீட்டாரிடம்கூடச் சொல்ல முடியாத அந்தப் புறப்பாட்டின் வலியை, இங்கே வைக்கப்பட்டிருக்கும் பெட்டிகளும் எளிய பொருள்களும் நன்றாகவே உணர்த்துகின்றன.

இந்த நினைவகத்தின் இதயம் என்று நான் சொல்வது ஒரு காகிதத்தை. முகாமுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு கொடுக்கப்பட்டது. அதில் பன்னிரண்டு அலுவலகங்களின் முத்திரைகள் விழ வேண்டும். முதலில் மருத்துவப் பரிசோதனை, காசநோய்க்கான எக்ஸ்ரே. அடுத்து மேற்கத்திய நேச நாடுகளான அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகியவற்றின் உளவுத்துறை அதிகாரிகள், வந்தவர் எந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார், ஊருக்கு அருகில் எந்தப் படை முகாமிட்டிருக்கிறது என்றெல்லாம் கேட்பார்கள். பிறகு காவல்துறைப் பதிவு, முன்விசாரணை, கடைசியாக ஏற்புக்குழுவின் முன் நேர்காணல். சிலருக்கு இது சில நாள்களில் முடிந்தது. சிலருக்கு வாரக்கணக்கில் நீண்டது. சுதந்திரத்தைத் தேடி உயிரைப் பணயம் வைத்து வந்தவர்கள், முதலில் சந்தித்தது ஒரு நீண்ட வரிசையை. பிறகு இன்னொரு வரிசையை. அந்த அலுவலகங்களின் ஒழுங்கைப் பின்பற்றியே கண்காட்சியும் அமைக்கப்பட்டிருப்பதால், பார்ப்பவரும் அறை அறையாக அதே வழியில் நடக்கிறார். எந்தக் காணொளியும் இதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

ஏற்புக்குழுவைப் பற்றிய பகுதியில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். 1950ஆம் ஆண்டின் அவசர ஏற்புச் சட்டப்படி, உயிருக்கோ உடலுக்கோ தனிமனித சுதந்திரத்துக்கோ ஆபத்து இருந்ததாக வந்தவர் காட்ட வேண்டும். பிழைப்புக்காக மட்டும் வந்தார் என்று குழு முடிவு செய்தால் அனுமதி மறுக்கப்படலாம். மறுக்கப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பவில்லை; ஆனால் அவர்கள் முறையான வேலையும் வீடும் இன்றி மேற்கு பெர்லினில் தங்கிவிட நேர்ந்தது. 1953இல் கூட்டாட்சி அரசியல் சாசன நீதிமன்றம் இந்த மறுப்பு அதிகாரத்துக்கு வரம்பு கட்டிய பிறகு நிலைமை மெல்ல மாறியது. அதற்குப் பிறகும், அரசியல் காரணத்தால் தப்பியவர் என்ற தனி அங்கீகாரம் யாருக்கு, அது தரும் உதவிகள் யாருக்கு என்பது தொடர்ந்து ஆராயப்பட்டது. ஒரே மொழி, ஒரே இனம், பலருக்கு அதே நகரம்; அப்படி இருந்தும் தன் துயரத்தை ஒரு மேசைக்கு முன் உட்கார்ந்து நிரூபிக்க வேண்டியிருந்தது. மொழி தெரியாத நாட்டில், மொழிபெயர்ப்பாளரின் வாய்வழியே தஞ்சம் கேட்ட நம்மவர்களுக்கு அந்த மேசை எப்படி இருந்திருக்கும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை.

முகாமுக்குள்ளும் அச்சம் தொடர்ந்தது என்பதை இங்கு வந்த பிறகுதான் பலர் அறிவார்கள். கிழக்கு ஜெர்மனியின் ரகசியக் காவல்துறையான ஷ்டாசி, அகதிகளோடு அகதிகளாகத் தன் ஒற்றர்களை அனுப்பியது. பெயர், ஊர், வந்த வழி எதையும் அறிமுகமில்லாதவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று அறிவிப்புகள் எச்சரித்தன; மேற்கு பெர்லினிலிருந்து ஆள்கள் கடத்திச் செல்லப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. ஏற்கப்பட்டவர்களில் பெரும்பாலோரை மேற்கு ஜெர்மனியின் மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள். தரைவழியில் மீண்டும் கிழக்கு ஜெர்மனியைக் கடக்க வேண்டும் என்பதால் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்திலிருந்து வானூர்தியில் கொண்டு சென்றார்கள். வாழ்வில் முதன்முறையாக விமானம் ஏறியவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

அகதிக் குடும்பம் தங்கிய வீடு ஒன்று அன்றைய அறைகலன்களோடு காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. இரட்டை அடுக்கு இரும்புக் கட்டில்கள், மேசை, சில நாற்காலிகள், பலரும் பகிர்ந்துகொண்ட சமையலறை, அவ்வளவுதான். அறையின் வெறுமையை அலங்கரிக்காமல் விட்டிருக்கிறார்கள், அது சரியான முடிவு. இங்கே இரவில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருப்பவர் யாரென்று தெரியாமல் குழந்தையைத் தூங்க வைத்த தாயை நினைத்துப் பார்க்க வேண்டும். ஆற்றங்கரை அருங்காட்சியகத்தின் வீட்டையும் இந்த வீட்டையும் ஒரே நாளில் பார்ப்பவர்களுக்கு, ஒரு குடும்பம் எதைக் கொடுத்து எதை வாங்கியது என்ற கணக்கு கண்முன் வந்து நிற்கும். ஓரளவு வசதியான வீட்டை விட்டுவிட்டுத்தான் பலர் இந்த இரும்புக் கட்டிலுக்கு வந்தார்கள்.

1961 ஜூலையில் 30,000க்கும் மேற்பட்டோர் கிழக்கை விட்டு ஓடிவந்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று நகரத்தின் குறுக்கே முள்வேலி போடப்பட்டது, சுவர் எழுந்தது, முகாம் வெறிச்சோடியது. அதன் பிறகான காலத்தைக் கண்காட்சி சற்றுச் சுருக்கமாகவே சொல்கிறது. உயிரைப் பணயம் வைத்துத் தப்பியவர்களும், மேற்கு ஜெர்மனி பணம் கொடுத்து மீட்ட அரசியல் கைதிகளும், வெளியேற விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்களும்தான் பின்னர் வந்தவர்கள். 1975இல், மனித உரிமைகளை மதிப்பதாக நாடுகள் உறுதியளித்த ஹெல்சிங்கி உடன்பாட்டில் கிழக்கு ஜெர்மனி கையெழுத்திட்ட பிறகு, அதைச் சுட்டிக்காட்டி விண்ணப்பிப்போர் பெருகினார்கள். விண்ணப்பித்தவருக்கு வேலை போகும், பிள்ளைகளுக்குப் பள்ளியில் தொல்லை வரும், நண்பர்கள் விலகுவார்கள். பதில் எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வந்துவிட்டால் சில நேரங்களில் ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். நாட்டுக்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் அகதியாக வாழ்ந்த இந்த மனிதர்களுக்கு இன்னும் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கலாம் என்பதே இந்த நினைவகத்தைப் பற்றி எனக்குள்ள முதன்மையான மனக்குறை. 1989இல் மீண்டும் இங்கே கூட்டம் நிரம்பி வழிந்தது. 1990 ஜூலை 1 அன்று ஏற்பு நடைமுறையே முடிவுக்கு வந்தது. பிரீட்ரிக்ஸ்ட்ராசேயின் எல்லைச் சோதனை நின்றதும் அதே நாளில்தான்.

வாசிக்க நிறைய இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இப்போதுள்ள கண்காட்சி 2005இல் அமைக்கப்பட்டது. தொடுதிரைகளையும் ஒளி வித்தைகளையும் எதிர்பார்த்துச் செல்பவர்களுக்கு அது பழைய பாணியாகத் தோன்றலாம். விளக்கங்கள் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் உள்ளன. சிறு குழந்தைகள் விரைவில் சலிப்படைவார்கள். பதின்ம வயதினருக்கு, குறிப்பாகப் பெற்றோரின் புலப்பெயர்வுக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, மிகவும் ஏற்றது. இரண்டு மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். பெர்லின் சுவர் அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ள இடம் இது; அனுமதிக் கட்டணம் இல்லை; திங்கட்கிழமை விடுமுறை.

வளாகத்துக்குள் நடக்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். சோவியத் ஒன்றியத்திலிருந்தும் போலந்திலிருந்தும் வந்த ஜெர்மன் வம்சாவளியினரைப் பின்னர் ஏற்றுக்கொண்ட இந்தக் கட்டடங்களில், 2010 முதல் போரையும் ஒடுக்குமுறையையும் விட்டு ஓடிவந்த குடும்பங்கள் தங்க வைக்கப்பட்டிருக்கின்றன. சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய வீட்டு வாசல்களும் குழந்தைகளும் காட்சிப் பொருள்கள் அல்ல. அங்கே படமெடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள்.

போகும் வழி எளிது. காலையில் குல்தூர்பிராவரை, நண்பகலில் கண்ணீர் மாளிகை என்று பார்த்துவிட்டு, பிரீட்ரிக்ஸ்ட்ராசே நிலையத்தின் கீழ்த்தளத்தில் எஸ்2 நகர ரயிலைப் பிடித்தால், வண்டி மாறாமல் மரியன்ஃபெல்டே நிலையத்தில் இறங்கலாம். நகரத்துக்குள் செல்லும் சாதாரணப் பயணச்சீட்டே போதும். நிலையத்திலிருந்து சற்று நடந்தால் மரியன்ஃபெல்டர் ஆலே சாலையில் நினைவகம் வந்துவிடும். மாலை ஆறு மணிக்கு மூடிவிடுவார்கள் என்பதால், மூன்றையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் பிற்பகல் மூன்றரைக்குள் அங்கே இருப்பது நல்லது. நேரம் போதாது என்று தோன்றினால் முதலிரண்டைச் சுருக்கிக்கொள்ளுங்கள், மரியன்ஃபெல்டேயைச் சுருக்க வேண்டாம்.